துரத்தும் நாய்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்: விடியற்காலையில் வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மியான்மரில் மோல்மீனுக்குத் தெற்கே, முடோன் போகும் பக்கத்தில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்து ஊரிலிருந்து 16 ஆண்டுகளாகப் பால் கொண்டு போகிறேன். காலை 4.30 மணிக்கு வண்டியை எடுப்பேன். இரண்டு பக்கமும் 20 லிட்டர் கேன் தொங்கும். பனிக்காலம் என்றால் முகத்துக்கு முன்னால் பத்தடி கூடத் தெரியாது. அந்த நேரத்தில் சாலையில் இருப்பவை மூன்றுதான்: நான், பிச்சைக்குப் புறப்படும் பொங்கிமார் (புத்த பிக்குகள்), நாய்கள்.

இந்தப் பாதையில் ஒருமுறை விழுந்திருக்கிறேன். ஒருமுறை கடிபட்டிருக்கிறேன். என் மனைவியின் தம்பி, துரத்தி வந்த நாயை உதைக்கப் போய்க் காறை எலும்பு முறிந்து இரண்டு மாதம் ரப்பர் வெட்டப் போக முடியாமல் வீட்டில் கிடந்தார். எங்கள் ஊரில் ஒரு சிறுவன் இறந்தே போனான். அதைப் பின்னால் சொல்கிறேன். ரங்கூன் நகரத்துக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் அங்குள்ள உறவினர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. மோல்மீன், தட்டோன், பெகு, மாந்தலே என்று மற்ற ஊர்களில் வண்டி இல்லாத வீடே குறைவு. நாய் இல்லாத தெருவும் இல்லை.

வண்டியில் போகிறவரை நாய் கடித்தே கொல்வது மிக அரிது. பயத்தில் திருப்பிய ஹேண்டில்பார் கொல்கிறது. கழுவாமல் விட்ட சிறு கீறல் கொல்கிறது. இரண்டுமே நம் கையில் இருக்கிற விஷயங்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில், நாய் ஏன் துரத்துகிறது

ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். பார்ப்பது, பதுங்குவது, விரட்டுவது, கவ்வுவது என்று வேட்டைக்கு ஒரு வரிசை உண்டு. ஆடு மேய்க்கும் நாய்களில் மனிதன் அதே வரிசையைத்தான் பழக்கிப் பயன்படுத்திக்கொண்டான். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய்க்குள்ளும் அந்த வரிசை அழியாமல் கிடக்கிறது. சத்தத்தோடு வேகமாகக் கடந்து போகும் சக்கரம் அதைத் தட்டி எழுப்புகிறது.

இரண்டாவது காரணம் எல்லை. தேநீர்க் கடையிலிருந்து கிணற்றடி வரை தன் இடம் என்று ஒரு நாய் முடிவு செய்துவிட்டால், அங்கே நுழைகிற புதிய சத்தம் எதுவானாலும் அதற்கு அந்நியன்தான். பெரும்பாலும் அந்த எல்லை முடிகிற இடத்தில் நாய் தானாகவே நின்றுவிடும். கவனித்துப் பாருங்கள், தினமும் அதே மரத்தடியில்தான் அது திரும்பும்.

மூன்றாவதை நான் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. நாய் குரைத்து ஓடி வருகிறது. நாம் முறுக்கிக்கொண்டு பறக்கிறோம். நாம் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். நாயோ, ‘நான் விரட்டினேன், அது ஓடிவிட்டது’ என்று கற்றுக்கொள்கிறது. தினமும் காலையில் அதற்கு ஒரு வெற்றியை நாமே கொடுத்துவிட்டுப் போகிறோம். ஆறு மாதத்தில் அது தேர்ந்த விரட்டுக்காரனாகிவிடும்.

பயத்தால் துரத்தும் நாயும் உண்டு. முன்பு வண்டியில் அடிபட்டதோ, வண்டியில் வந்தவரிடம் கல்லடி பட்டதோ அந்த ஒலியை மறப்பதில்லை. குட்டி போட்ட நாயின் கதை தனி. மழை ஓய்ந்த மாதங்களில் நாய்கள் இணை சேர்வதைப் பார்க்கிறோம். சினைக்காலம் சுமார் 63 நாள். ஆகவே குளிர் மாதங்களில் மதில் ஓரம், குப்பைமேடு, பாலத்தடி எங்கும் குட்டிகள் இருக்கும். நேற்று வரை வாலாட்டிய பெட்டை நாய் இன்று பாய்ந்தால் அது கெட்டுப்போய்விட்டது என்று எண்ணாதீர்கள். பக்கத்தில் எங்கோ குட்டி இருக்கிறது.

பாதையை அறிந்துகொள்ளுங்கள்

இங்கே தெருநாய் என்று ஒதுக்கிச் சொல்லும்படி எதுவும் இல்லை. எந்த நாயும் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். மீந்த சோற்றை வாசலில் வைப்பார்கள். வளர்க்க முடியாத குட்டிகளைப் பொங்கிமார் மடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே அவை பெருகும். உயிர்க்கொலை பாவம் என்ற எண்ணம் இந்த மண்ணில் ஆழமாக ஊறியது. வைரவருக்கு வாகனமாக நாயை நிறுத்தி வைத்திருக்கும் நமக்கும் அது புரியாத எண்ணம் இல்லை.

ஆகவே நாய்கள் எங்கே கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: மடத்து வாசல், மொஹிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) விற்கும் கடை, மீன் இறக்கும் இடம், குப்பை கொட்டும் வளைவு, முதல்நாள் அன்னதானம் நடந்த பந்தல். நேரமும் அப்படியே. விடியலிலும் அந்தியிலும் அவை சுறுசுறுப்பாக இருக்கும். நடுப்பகல் வெயிலில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும். அப்போது துரத்தும் ஆபத்துக் குறைவு, டயரில் நசுங்கும் ஆபத்து அதிகம். நிறுத்திய வண்டியை எடுக்கும் முன் குனிந்து பாருங்கள்.

பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பாதையின் நாய் இடங்களை எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 7 இடம். எந்தப் பக்கத்திலிருந்து வரும், எத்தனை நாய், எந்த மரத்தடி வரை வரும் என்பதுதான் குறிப்பு. ஒரு வாரம் கவனித்தால் யாரும் எழுதிவிடலாம். எதிர்பாராமல் வரும் நாய்தான் நம்மைக் கவிழ்க்கும். எதிர்பார்த்த இடத்திலிருந்து வருகிற நாய் பெரும்பாலும் ஒரு தொந்தரவு மட்டுமே.

வண்டி, உடை, சுமை

வண்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முன் பின் பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும், முன்விளக்கு எரிய வேண்டும், சைலன்சரில் ஓட்டை இருந்தால் அடைத்துவிட வேண்டும். ஓட்டைச் சைலன்சர் வண்டி நாய்களை எவ்வளவு தூண்டுகிறது என்பதை அடைத்த மறுநாளே நீங்கள் உணர்வீர்கள்.

உடைதான் நம் ஊரில் பெரிய சிக்கல். ஆண்கள் லுங்கியிலும் பெண்கள் தமேன் என்ற பெண்கள் லுங்கியிலும் செருப்போடு வண்டி ஓட்டுகிறோம். கெண்டைக்கால் திறந்தே கிடக்கிறது. நாயின் வாய் சரியாக அந்த உயரத்தில் வருகிறது. அதைவிட ஆபத்து, காற்றில் படபடக்கும் துணி முனை. நாய் முதலில் கவ்வுவது அதைத்தான். துணியைக் கவ்வி இழுத்தால் வண்டி சாயும், சங்கிலியில் சிக்கினாலும் சாயும். கடிபட்ட பிறகு நான் கெட்டித் துணி முழுக்கால் சட்டைக்கு மாறிவிட்டேன். காலுக்கு, ரப்பர் வெட்டுகிறவர்கள் போடும் நீண்ட ரப்பர் பூட்ஸ். அட்டைக்கும் பாம்புக்கும் வாங்குவது, நாய்ப்பல்லுக்கும் நன்றாகவே தாங்குகிறது. லுங்கிதான் கட்டுவேன் என்றால் முனையை இழுத்துத் தொடைக்கு அடியில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சுமை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுமை தாழ்வாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். பாதி நிறைந்த கேன் முழுக் கேனைவிட மோசம். உள்ளே பால் அலைமோதும்போது வண்டி நம் பேச்சைக் கேட்காது. திரும்பி வரும்போது வெறுங்கேன்கள் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கே நாய்கள் எழுந்து வந்துகொண்டிருந்தன. இப்போது கேன்களுக்கு இடையில் பழைய சாக்கைத் திணித்துக் கட்டுகிறேன்.

நாய் வரும் அந்தச் சில நொடிகள்

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறீர்கள். நாயைக் கண்டு, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி. பிறகு வண்டி நிற்க ஏறத்தாழ 10 மீட்டர். ஆக உலர்ந்த சாலையிலேயே 20 மீட்டருக்கு மேல் வேண்டும். 60 கிலோமீட்டரில் இது 40 மீட்டரைத் தொட்டுவிடும். மோல்மீன் பக்கம் மே முதல் அக்டோபர் வரை கொட்டும் மழையில், செம்மண் சேறு படிந்த தாரில், இந்தத் தூரங்கள் இன்னும் நீளும். நாட்டு நாய் சிறிது தூரத்துக்கு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேலேயே பாயக்கூடியது. அதனோடு பந்தயம் ஓடி வெல்லலாம் என்று கணக்குப் போடுவது, நடுவில் ஒரு குழி வந்தால் முடிந்துவிடும்.

ஆகவே முதல் படி, நாய் இடத்துக்கு 50 மீட்டர் முன்பே தொடங்குகிறது. ஆக்சிலரேட்டரை விடுங்கள். வேகம் 30க்குக் கீழே வரட்டும். இரண்டாவது கியருக்கு இறக்குங்கள். மறுபடி வேகம் எடுக்க அந்தக் கியர்தான் உதவும். தூரத்திலேயே ஹாரனைச் சுருக்கமாக ஒருமுறை அடிக்கலாம், தூங்கும் நாய் திடுக்கிட்டு எழாமல் இருக்க. பக்கத்தில் போன பிறகு அடிக்கக் கூடாது. இரண்டு கையும் கைப்பிடியில், விரல் பிரேக்கின் மேல்.

இரண்டாவது படி, நாயைப் படிப்பது. படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்க்கும் நாயைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுந்து நின்று, உடலை விறைத்து, காதை முன்னால் தள்ளி, அசையாமல் பார்க்கிற நாய் வரப்போகிறது. குரைக்காமல் தலையைத் தாழ்த்தி வருவதுதான் கடிக்க வருவது. கூட்டமாக இருந்தால் முதலில் எழுகிற ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். மற்றவை அதன் பின்னால்தான் வரும்.

மூன்றாவது படியில்தான் சூட்சுமம் இருக்கிறது. நாய் நீங்கள் இருக்கும் இடத்தை நோக்கி ஓடுவதில்லை. இன்னும் சில நொடியில் நீங்கள் எங்கே இருப்பீர்களோ அந்த இடத்தை நோக்கிக் குறுக்காக ஓடுகிறது. உங்கள் வேகம் மாறாதவரை அதன் கணக்குத் தப்பாது. அதனால் மெதுவாக வாருங்கள். அந்த மெதுவான வேகத்துக்கு அது கணக்குப் போட்டுப் பாய்ந்து புறப்படட்டும். புறப்பட்ட பிறகு, நிதானமாக, உலுக்காமல், ஆக்சிலரேட்டரைத் திருப்புங்கள். அது வந்து சேரும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் பின்சக்கரத்துக்கும் பின்னால் வந்து நின்று குரைக்கும். ஆளில்லாத சாலையில் 25லிருந்து 40க்கு மென்மையாக ஏற்றிப் பழகிக்கொள்ளுங்கள். நாய் முன்னால் வரும்போது முதல்முறையாகச் செய்து பார்க்கும் வேலை இது இல்லை.

இந்த முறைக்கு, எதிரே சாலை தெளிவாக இருக்க வேண்டும். சந்து, வளைவு, ஜல்லி, மழை ஈரம், எதிரே மாட்டு வண்டி, இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த முறையை விட்டுவிடுங்கள். அங்கே நடக்கும் வேகத்துக்கு இறங்கி, நேராக, நாயைப் பார்க்காமல் போய்க்கொண்டே இருங்கள். ஓட்டம் நின்றதும் பெரும்பாலான நாய்களுக்கு விளையாட்டு முடிந்துவிடும். பக்கத்தில் வந்து குரைக்கும், முகர்ந்து பார்க்கும், விலகும். என் அனுபவத்தில் ஊருக்குள் இதுதான் சிறந்த வழி. ஆனால் நம் மனம் இதற்கு ஒப்பவே ஒப்பாது. ‘ஓடு’ என்றே சொல்லும். முதல் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டியதுதான்.

எந்த முறையானாலும் ஹேண்டில்பாரை வெட்டித் திருப்பக் கூடாது. நம் நாட்டில் 1970 டிசம்பர் முதல் சாலையின் வலப்பக்கம் போகிறோம். வலப்பக்க ஓரத்திலிருந்து நாய் பாய்ந்தால் உடம்பு தானாக இடது பக்கம் ஒதுங்கும். இடது பக்கம் எதிரே வரும் வண்டிகளின் பாதை. இங்கே ஓடும் பல கார்களிலும் லாரிகளிலும் ஸ்டியரிங் இன்னமும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னே போகும் வண்டியை முந்த நினைக்கும் ஓட்டுநர், எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பதற்கே வண்டியை வெகுவாக உங்கள் பக்கம் நீட்ட வேண்டியிருக்கிறது. நாய்க்கு ஒதுங்கி லாரிக்கு முன்னால் போய் நிற்பது இப்படித்தான் நடக்கிறது. நான் விழுந்ததும் இதில்தான். லாரி நின்றது, அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உதைக்கவும் கூடாது. என் மைத்துனர் நல்ல திறமைக்காரர். மலைச் சாலையில்கூட ஒரு கையால் ஓட்டுவார். காலைத் தூக்கிய அந்த ஒரு கணத்தில் எடை முழுவதும் மறுபக்கம் போய்விட்டது. மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, “நாய்மேல் கால் படவே இல்லை மச்சான்” என்றார். வேறு சிலர் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொள்வார்கள். அதுவும் வேண்டாம், பின் பிரேக் கைவிட்டுப் போய்விடும். கால் கால்தாங்கியிலேயே இருக்கட்டும், முழங்கால்கள் உள்பக்கம் ஒடுங்கியிருக்கட்டும், கண் போகும் பாதையில் இருக்கட்டும். கண் நாயிடம் போனால் வண்டியும் நாயிடம் போகும்.

குரல் உதவும். வீட்டு நாயை அதட்டுகிற மாதிரி ஒருமுறை, தாழ்ந்த கனத்த குரலில். கத்துவதும் அலறுவதும் அதற்கு வெறியேற்றும்.

பின்னால் ஆள் இருக்கும்போது

பின் இருக்கையில் ஒரே பக்கமாகக் கால் போட்டு உட்காரும் பெண்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. இரண்டு காலும் ஒரே பக்கம் தொங்குகின்றன. வலது பக்கம் தொங்கினால் ஓரத்து நாய்க்கு நேராக. முடிந்தால் இருபுறமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள்: நாய் வந்தால் அசையக் கூடாது, காலைத் தூக்கக் கூடாது, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் போதும். முன்னால் நிற்கவைத்துச் சிறு பிள்ளையைக் கொண்டுபோகிறவர்களிடம் நான் பணிந்து கேட்பது ஒன்றே: நாய் இடங்களில் நடைவேகத்துக்கு மேல் போகாதீர்கள்.

மோதல் தவிர்க்க முடியாதபோது

சில நேரம் நாய் சக்கரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். அப்போது வண்டியை நிமிர்த்தி நேராக வைத்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு முடிந்தவரை வேகத்தைக் குறையுங்கள். மோதப்போகும் கணத்துக்குச் சற்று முன் முன்பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்த முன்சக்கரம் தடையில் மோதினால் வண்டி குப்புறக் கவிழும். உருளும் சக்கரம் ஏறிக் கடக்கும். கைப்பிடியை உறுதியாகப் பிடித்து, இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்கை மடங்கியபடி இருங்கள். இதைச் சொல்ல எனக்கு மனம் வலிக்கிறது. ஆனால் திருப்பினால் நாயும் சாகலாம், நீங்களும் சாகலாம்.

கடந்த பிறகு ஓரமாக நிறுத்துங்கள். அடிபட்ட நாய் வலியில் யாரையும் கடிக்கும், வளர்த்தவரையும். வெறுங்கையால் தொடாதீர்கள், சாக்கையோ கெட்டித் துணியையோ போட்டுத்தான் தூக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். ஓடிப்போனவரைத்தான் ஊர் மறக்காது.

நின்றுபோய்விட்டால்

வண்டி நின்று நாய்கள் சூழ்ந்துகொண்டால், நாய் இல்லாத பக்கமாக இறங்கி வண்டியை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை அணையுங்கள். கைகள் கீழே, வாய் மூடி, பார்வை தரையில். முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் மெல்ல நகருங்கள். கல்லெடுப்பதுபோலக் குனிவது ஒற்றை நாயிடம் பலிக்கும். கூட்டத்திடம் நான் அதைச் செய்வதில்லை, ஒன்று பின்வாங்கினால் இன்னொன்று பின்னாலிருந்து வருகிறது. பாய்ந்தேவிட்டால் ஹெல்மெட்டையோ பையையோ அதன் வாய்க்கு நேரே கொடுங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு, முகத்தை முழங்காலில் புதைத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்ப்பொடி, தடி, கவண் எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிறார்கள். ஓடும் வண்டியில் வீசிய பொடி நம் கண்ணுக்கே வரும். தடி ஒரு கையை எடுத்துக்கொள்ளும். அடிபட்ட நாய் அடுத்து வரும் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

நாயோடு சமாதானம்

எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது அவுங்நெ என்ற கறுப்பு நாய். கறுப்பு நாய்க்கு இங்கே பொதுவாக வைக்கும் பெயர்தான். மொஹிங்கா கடை வாசலில் கிடக்கும். ஒருநாள் கடைக்கார அம்மாவிடம் முறையிட்டேன். அவர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, “ஊலே (மாமா), அதற்கு உங்களைத் தெரியாது. வண்டியைத்தான் தெரியும். இறங்கி ஒருநாள் நடந்து வாருங்களேன்” என்றார்.

அந்த யோசனையிலிருந்து நான் உருவாக்கிக்கொண்ட முறை இது. முதல் மூன்று நாள், கடைக்கு 30 மீட்டர் முன்பே இன்ஜினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். நாயைப் பார்க்கவில்லை, பேசவில்லை. குரைத்தது, இரண்டாம் நாள் குறைவாக, மூன்றாம் நாள் முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. நான்காம் நாளிலிருந்து கடையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டேன், வண்டி பக்கத்தில் நின்றது. அது அமைதியாக இருக்கும்போது மட்டும், வண்டியை விட்டு இறங்கி நின்று, மீன்குழம்பில் பிசைந்த ஓர் உருண்டைச் சோற்றைத் தரையில் வைத்தேன். குரைத்த நாளில் வைக்கவில்லை. பிறகு இன்ஜினை ஓடவிட்டபடி நின்று வைத்தேன். பிறகு நடைவேகத்தில் ஓட்டி வந்து, நின்று, இறங்கி வைத்தேன். மூன்று வாரம் ஆனது. இப்போது என் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ஓடும் வண்டியிலிருந்து சோறோ ரொட்டியோ எறியாதீர்கள். துரத்தினால் சோறு கிடைக்கும் என்று நீங்களே பாடம் நடத்துவதாகிவிடும். இந்த முறை எல்லா நாயிடமும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. என் 7 இடங்களில் 2 இடத்து நாய்கள் இன்றுவரை மாறவில்லை. அங்கே இன்றைக்கும் நடைவேகம்தான். குட்டி வைத்திருக்கும் நாயிடம் இதை முயலவே வேண்டாம். ஒன்றரை மாதம் அதைவிட்டு விலகியே போங்கள், குட்டிகள் வளர்ந்ததும் அதுவே தணிந்துவிடும்.

உரியவர் இருக்கும் நாய் என்றால் அவரிடம் போய்ப் பேசலாம். காலையில், கோபம் இல்லாத நாளில், கையில் கால் லிட்டர் பாலோடு. “விடியும்வரை கதவைச் சாத்தி வையுங்கள், இருட்டில் உங்கள் நாயை நான் ஏற்றிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது” என்றேன் ஒரு வீட்டில். மறுநாள் கதவு சாத்தியிருந்தது.

கடித்துவிட்டால்: முதல் மணி நேரம்

இனி வருவதை அவசரமாகப் படிக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மியான்மரில் ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. மனிதருக்கு இது வருவது 99 விழுக்காடு நாயிடமிருந்துதான். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பதில்லை என்றே சொல்ல வேண்டும். அறிகுறி தோன்றும் முன் சரியாக மருத்துவம் செய்தால் வராமலே தடுத்துவிடலாம். கடிபட்டதற்கும் அறிகுறி தோன்றுவதற்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஓர் ஆண்டு வரை. கடித்த நாய் வெறிபிடித்ததுபோல நடக்க வேண்டும் என்பதில்லை. நோயின் அறிகுறி வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே அதன் எச்சிலில் கிருமி வந்துவிடும்.

கடிபட்டதும் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக் கிணறு, கடைக் குழாய், எதுவானாலும் சரி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சாதாரணத் துணிசோப்பே போதும், கிருமியின் மேலுறையை அது கரைக்கும். என் வண்டிப் பெட்டியில் ஒரு சோப்பும் தண்ணீர்ப் புட்டியும் எப்போதும் உண்டு. கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம். மிளகாய்ப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், சாம்பல் எதையும் அப்பாதீர்கள். இறுகக் கட்டாதீர்கள். தையல் போட அவசரப்படாதீர்கள். மந்திரிக்க வேண்டும் என்று பாட்டி சொன்னால் ஊசி போட்டு வந்த பிறகு மந்திரித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கே மருத்துவமனை. இரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும். இரத்தம் வந்த கடிக்கும், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டதற்கும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். அதைக் காயத்தைச் சுற்றியே போடுவார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கச் சில நாள் பிடிக்கும், அதுவரை காவல் நிற்பது இந்த மருந்து. எல்லா ஊர் மருத்துவமனையிலும் எப்போதும் இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். கடிபடாத இன்றைக்கே, உங்கள் ஊரிலும் பக்கத்து நகரத்திலும் எங்கே இருக்கிறது என்று விசாரித்து எழுதி வையுங்கள்.

தசையில் போடும் ஊசியானால் பொதுவாக முதல் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 14 ஆம் நாள்களிலும், சில முறைகளில் 28 ஆம் நாளும் போடுவார்கள். தோலில் போடும் முறையில் நாள்கள் சற்று மாறும். மருத்துவர் எழுதித் தரும் தேதியைப் பின்பற்றுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயத்தை விட்டுவிடுங்கள், இப்போது பெரியவர்களுக்குக் கையில்தான் போடுகிறார்கள். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் போடலாம். டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். நாயைப் 10 நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைப் பாருங்கள். 10 நாள் கழித்தும் அது நலமாக இருந்தால் மீதியை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

முதலில் சொன்ன அந்தச் சிறுவனுக்கு 9 வயது. அண்ணன் ஓட்டிய வண்டியில் பின்னால் போகும்போது காலில் நாய் பல் பட்டது. ஒரு சிறு கீறல். வண்டியைக் கேட்காமல் எடுத்ததற்கு அண்ணன் அடிபடுவான் என்று இருவரும் மறைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல், பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகியது. அவனை எடுத்துக்கொண்டு போன வண்டிக்குப் பின்னால் நானும் போனேன். பிள்ளைகள் கடியையும் கீறலையும் வந்து சொன்னால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். எந்தத் தப்பு செய்துகொண்டிருந்தபோது கடிபட்டாலும் சொல்லலாம் என்று இன்றே சொல்லி வையுங்கள்.

ஊர் செய்ய வேண்டியது

ஓர் ஊர் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுவிட்டால் அந்த ஊரில் நோய் பரவுவது அறுந்துவிடும் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. விஷம் வைத்துக் கொல்வதால் அது நடப்பதில்லை. காலியான இடத்துக்கு வெளியூர் நாய்கள் வருகின்றன, அவை ஊசி போடாதவை. மடத்துப் பொங்கியாரிடம் எடுத்துச் சொன்னால் நாய்களைக் கூட்டிவைக்க அவரைவிடச் சிறந்தவர் கிடையாது, அவர் குரலுக்கு எல்லாம் வரும். கால்நடை மருத்துவர் வரும் நாளில் எங்கள் கோயில் இளைஞர்கள் சாக்கும் கயிறுமாகப் போய் உதவுகிறார்கள். ஊசி போட்ட நாயின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறோம், யார் பாக்கி என்று தெரிய.

உங்களுக்கு ஊசி போட்ட அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். முழுவதும் போட்டுக்கொண்டவர் மறுபடி கடிபட்டால் 0, 3 ஆகிய நாள்களில் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. அட்டை இருந்தால்தான் மருத்துவர் அதை நம்புவார். என்னுடையதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பால் கணக்கு நோட்டின் அட்டைக்குள் செருகி வைத்திருக்கிறேன். மனைவியின் அட்டையும் பிள்ளைகளின் அட்டைகளும் அதே உறையில்தான் இருக்கின்றன.